பூவாத்தா ஏணி ஏறமாட்டேன்னது

ஒரு சமஸ்தானத்துல சும்மா உக்காந்து வாடகை வாங்கினா அதுல பாதி வரி. வாடகை வீட்டைத் தானே பழுது பாக்கறதே தொழில்னா பத்துல ஒண்ணு. பூவாத்தா வாடகைக்கு விட்ட தன் நாலு வீட்டுக்கும் தானே ஓடு மாத்துவா. ஏணிகூட அவ கல்யாணச் சீருல வந்தது, மாமியா மூஞ்சியைப் பாக்கணுமே! சரி, அதை விடு.

"பொம்பள ஓடு மாத்தறது தொழிலா? பாதி கட்டு!"ன்னாரு தாசில்தார். அவரு கச்சேரியே, அதான் அவரு ஆபீசே, அவ வீட்டுல ஒண்ணுலதான் வாடகைக்கு. பாதி போனா அவ அடுப்பு எரியாது.

"அப்ப சும்மாவே உக்காந்துக்கறேனுங்க"ன்னு கச்சேரிக் கூரையில உடைஞ்ச ஓடுகளையெல்லாம் அப்படியே விட்டுட்டா.

மறுநாள் அடைமழை. தலைப்பாகை சொட்டச்சொட்ட ஓடி வந்தாரு தாசில்தார். "பூவாத்தா, கணக்கெல்லாம் நனையுது, ஏறு!"

"அது தொழில் இல்லீங்களே, சாமி."

"தொழில்தான் தாயே!"

"அதையே எழுதிக் குடுங்க."

எழுதினாரு. ஏறினா. கீழ ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாருங்கற? அந்தத் தாசில்தாரேதான்!