இல்லை என்ற வாடிக்கையாளர்

சிங்காரவேலு தன் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்து அல்ல. தொலைபேசியில் யாரோ ஏதோ சொல்லிச் சிரிப்பு மூட்டியிருந்தார்கள். ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த சிலேட்டுப் பலகையில் ஆர்டர் எழுதிக்கொண்டிருந்தாள். பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. உளுந்து எடுக்க மண்டிக்குப் போகிறேன் என்று அவர் கையால் காட்டினார். அவள் ஒரு விரலைத் தூக்கி, இரு என்றாள்.

அவர் இருக்கவில்லை. மண்டி அடைத்துவிடுவார்கள் என்ற அவசரம்.

மூட்டையோடு திரும்பியபோது வாசலில் கூட்டம். கிரைண்டரை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. சிலேட்டில் எழுதியிருந்தது: இரண்டு கிலோ. புளிப்பு வேண்டாம். ஞாயிறு.

பெயர் கிடையாது. பொற்கொடி பெயர் எழுதவே மாட்டாள். குரலைக் கேட்டாலே அவளுக்கு ஆள் தெரிந்துவிடும்.

அந்த ஞாயிறு கடை திறக்கவில்லை. மாவு கேட்டு வந்து திரும்பிப் போனது யார் என்று யாருக்கும் தெரியாது.

ஓசூரில் இட்லி மாவுக் கடை தெருவுக்குத் தெரு உண்டு. இவர்கள் கடைக்கு ஆள் தேடி வந்தது பொற்கொடியால்தான். எந்த வீட்டுக்கு உப்பு போடக் கூடாது, எந்த வீட்டில் குழந்தைக்கு இப்போதுதான் இட்லி பழக்குகிறார்கள், யார் வீட்டு மாமியாருக்குப் புளித்த வாசனை ஆகாது, எல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளிலிருந்து ஆர்டர் கூடிக்கொண்டே போன நேரம் அது. அவள் போன பிறகும் ஆர்டர் வந்துகொண்டிருந்தது.

ஒரு நாள், ரத்தக்கொதிப்புக்காரர் ஒருவர் வீட்டுக்கு உப்பு போட்ட மாவு போய்விட்டது. மறுநாள் அவருடைய மகள் வந்து கடை வாசலில் நின்றாள்.

"அக்கா இருந்திருந்தா இப்படி நடக்குமா?"

அவ்வளவுதான் கேட்டாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது.

அன்றே ஜுலைகா டீச்சரைத் தேடிப் போனார்.

டீச்சர் அவரைவிட நன்றாகவே இளையவர். பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துவிட்டு வேலையை விட்டவர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தையல் கடைக்கு மேலே ஓர் அறை. லாரி புக்கிங்காரர், மருந்துக்கடைக்காரர் என்று வியாபாரம் பெருத்துத் திணறுகிறவர்கள் கணினியில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த அவரிடம் வருவார்கள். அவரைக் குரு என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் மாடி ஏறுகிறவர்கள் எல்லோரும் செருப்பைக் கீழ்ப்படியிலேயே கழற்றிவிடுவார்கள்.

"என்ன வேணும் சார்?"

"டேட்டாபேஸ்னு ஒண்ணு போட்டா எதுவும் மறக்காதாமே."

"உங்களுக்கு எதுக்கு அது?"



"அவ இல்லாமக் கடை ஓடணும் டீச்சர்."

டீச்சர் எவள் என்று கேட்கவில்லை. நாற்காலியைக் கணினிக்கு முன்னால் நகர்த்திப் போட்டார்.

"நான் போட்டுத் தந்தா அது என் கடை மாதிரி இருக்கும். நீங்களே போடுங்க. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

"எனக்கு டைப் அடிக்கவே வராது."

"எனக்கு மாவு ஆட்ட வராது. உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். "எங்கிருந்து ஆரம்பிக்கிறது?"

"முடியாம நிக்கிற ஆர்டர் ஏதாவது இருக்குமே. அதுலேருந்து."

அவருக்குச் சிலேட்டுப் பலகை நினைவுக்கு வந்தது.

அதை ஏற்றவும் முதலில் வாடிக்கையாளர் பெயர்கள் வேண்டும் என்றார் டீச்சர். பெயருக்கு எங்கே போவது? அவருக்கு ஒரு வழி தோன்றியது. மாவு வாங்க வீட்டிலிருந்து தூக்குவாளி கொடுத்தனுப்புவார்கள். வாளியில் பெயர் வெட்டியிருக்கும். அடுத்த முறை, கடையில் வரிசையாக நின்ற வாளிகளைப் பார்த்து எழுதி எடுத்துக்கொண்டு போனார்.

டீச்சர் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"யாரு சார் இந்த ம. குப்புராஜ்? பெரிய சாப்பாட்டுக்காரரோ?"

"ஏன் டீச்சர்?"

"நாலு வீட்டுல மாவு வாங்குறாரு."

சிங்காரவேலு முழித்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். குப்புராஜ் மாவு வாங்கியதே இல்லை. அவர் தாய்மாமன். அக்கா தங்கை பெண்கள் கல்யாணத்துக்கெல்லாம் ஆளுக்கொரு வாளி வாங்கி, தன் பெயரை வெட்டிச் சீர் வைத்த புண்ணியவான்.

டீச்சர் உள்ளே போய் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தார். இரண்டிலும் ஒரே பெயர் வெட்டியிருந்தது. சிங்காரவேலு பாதி குடித்ததும் டீச்சர் கேட்டார்.

"உங்க டம்ளர் எது?"

"இதுதான். கையில வெச்சிருக்கேனே."

"பேரைப் பார்த்துச் சொல்லுங்க."

"ரெண்டுலயும் ஒரே பேருதானே இருக்கு?"

"அப்ப பேரை விடுங்க. ஆளுக்கொரு நம்பர் கொடுங்க. ஒருத்தருக்குக் கொடுத்த நம்பரை இன்னொருத்தருக்குக் கொடுக்காதீங்க. அவங்க கடையை விட்டே போயிட்டாலும் சரி."

அவர் எண் கொடுத்தார். பிறகு கடையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தனியாக ஓர் அட்டவணை. முதலில் தன் பெயர். அடுத்த வரியில் கை தானாகப் பொற்கொடி என்று அடித்தது. அதற்கும் ஓர் எண் விழுந்தது. டீச்சர் பார்த்தார். அதற்கடுத்து மாவு கட்டித் தருகிற கெம்பம்மா, வண்டியில் கொண்டுபோய்ப் போடுகிற முனிரத்னம்.

கடைசியாக ஆர்டர் அட்டவணை. அதில் பெயரோ முகவரியோ திரும்ப எழுதக் கூடாது என்றார் டீச்சர்.

"பின்ன எப்படித் தெரியும்?"

"ஒரு சேதியை ஒரு இடத்துல எழுதுங்க. வேற எங்க தேவைப்பட்டாலும் அதைக் கைகாட்டுங்க. போதும்."

அவர் முதல் ஆர்டரை ஏற்றினார். இரண்டு கிலோ. புளிப்பு வேண்டாம். எடுத்தவர் என்ற கட்டத்தில் பொற்கொடியின் எண். வாங்குபவர் என்ற கட்டத்தில் எதைப் போடுவது என்று தெரியாமல் திணறி, எதையோ போட்டு முடித்தார். டீச்சர் அப்போது வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

மறுவாரம் முனிரத்னம் வண்டியைக் கிளப்பாமல் நின்றான். நரைத்த மீசையைத் தடவிக்கொண்டே கையிலிருந்த தாளைப் பார்த்தான்.

"அண்ணா, இல்லைத் தெரு எங்கணா இருக்கு?"

"என்ன தெரு?"

"இல்லைத் தெரு. நீங்கதானே அடிச்சுக் குடுத்தீங்க. ஊருலயே பெரிய தெரு போலிருக்கு. பாதி வீடு அங்கதான் இருக்கு."

கெம்பம்மா மாவுப் பொட்டலத்தை முடிந்துகொண்டே சொன்னாள்: "உனக்குச் சீர் செஞ்சு வெச்ச உன் மாமனார் அந்தத் தெருவுலதான்டா குடியிருக்காரு. போய்ப் பாரு."

சிங்காரவேலுவும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு பழக்க தோஷத்தில் தொலைபேசிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே அவரோடு சேர்ந்து சிரிக்க ஆள் இல்லை.

இதை டீச்சரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"போன் இல்லாத வீட்டுக்கு என்ன போட்டீங்க?"

"இல்லைன்னு."

"போன் இருக்கு, நம்பர் உங்களுக்குத் தெரியாது. அங்க?"

"அங்கயும் இல்லைன்னுதான்."

"தெரியாததும் இல்லாததும் ஒண்ணா சார்?"

"வேற என்ன போடுறது?"

"தெரியாத இடத்துல ஒண்ணும் போடாதீங்க."

"காலியா விட்டாக் கண்ணை உறுத்துதே டீச்சர்."

"உறுத்தட்டும்."

அவர் தெருத் தெருவாக அலைந்தார். கதவைத் தட்டி, மாவுக் கடை என்று சொல்லி, உப்பு வேண்டுமா, புளிப்பு வேண்டுமா என்று கேட்டுக்கொண்டார். சில வீடுகளில் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பொற்கொடியைப் பற்றிப் பேசினார்கள். அவருக்குத் தெரியாத பொற்கொடி ஒருத்தி அந்த வீடுகளில் இருந்தாள். "ஞாயித்துக்கிழமைக்குன்னு போன்ல சொல்லியிருந்தீங்களா?" என்று எல்லா வீட்டிலும் கேட்டார். யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை.

மழைக்காலம் வந்து போனது. கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. உப்பில்லாத மாவு போக வேண்டிய வீட்டுக்குப் போனது. ரத்தக்கொதிப்புக்காரரின் மகள் திரும்ப வாடிக்கையானாள். சுவரில் இறங்கிய ஈரத்தில் சிலேட்டு எழுத்து ஊறி, ஒரு நாள் பார்த்தபோது பலகை கறுப்பாக இருந்தது.

அக்கா இருந்திருந்தா என்று கடையில் யாரும் சொல்லாமலானார்கள். அதைக் கவனித்த அன்று சிங்காரவேலு வெளிச்சம் இருக்கும்போதே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கிரைண்டரின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டது கிடைத்துவிட்டது.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. கடைக்கென்று வாங்கி, டீச்சர் அறையோடு இணைத்திருந்த கணினியைக் காலையில் திறந்ததும் அன்றைக்கு வந்தவர், வராதவர் யார் என்று அது காட்டும். கெம்பம்மா சத்தமாகப் படிப்பாள்.

"வந்தவங்க, அண்ணன், கெம்பம்மா, முனிரத்னம். வராதவங்க..."

அங்கே நிறுத்திவிடுவாள். ஒரு நாள் நிறுத்தாமல் அவரிடமே சொல்லிவிட்டாள்.

"அண்ணா, அக்கா பேரை எடுத்துடுங்கணா. தெனமும் என் வாயால வரலைன்னு படிக்க முடியல."

அவர் மாடி ஏறினார்.

"அவ பேரை எடுத்துடணும் டீச்சர்."

"எடுங்க."

அவர் அந்த வரியைத் தேர்ந்தெடுத்து, அழிக்கும் பொத்தானை அழுத்தினார். வரி போகவில்லை. சிவப்பில் ஆங்கிலத்தில் ஏதோ வந்தது.

"என்ன சொல்லுது?"

"அழிக்க முடியாதாம். யாரோ இவங்களைக் கைகாட்டிட்டு இருக்காங்களாம்."

"யாரு?"

டீச்சர் ஆர்டர் அட்டவணையைத் திறந்து காட்டினார். முதல் வரி. இரண்டு கிலோ. புளிப்பு வேண்டாம்.

"இந்த ஆர்டரை அழிச்சா இவங்களை அழிக்கலாம்."

சிங்காரவேலு பொத்தானிலிருந்து கையை எடுத்தார்.

"இன்னொரு வழியும் இருக்கு. ஒருத்தரை அழிச்சா, அவங்களைத் தொட்டு நிக்கிறது எல்லாமே கூடவே அழியற மாதிரி வெச்சுடலாம். அப்புறம் இது மறுத்துப் பேசாது. வெக்கட்டுமா?"

கீழே தையல் இயந்திரம் ஓடி, நின்று, திரும்ப ஓடியது. கறுத்துப்போன பலகை அவர் நினைவுக்கு வந்தது.

"வேண்டாம்."

"அப்ப வேலை பார்க்கிறவங்க டேபிள்ல இன்னொரு கட்டம் சேருங்க. விலகிய தேதின்னு. அது காலியா இருக்கிறவங்க பேரு மட்டும் காலையில வரட்டும்."

அவர் கட்டத்தைச் சேர்த்தார். விலகிய தேதி என்று அடித்து, அழித்துவிட்டு, கடைசி நாள் என்று அடித்தார். பொற்கொடி வரியில் தேதியைப் போட்டார். அந்தத் தேதியை அவர் எங்கேயும் தன் கையால் எழுதியதில்லை.

டீச்சர் இன்னும் அந்த முதல் ஆர்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாங்குபவர் கட்டத்தில் ஓர் எண் இருந்தது. வாடிக்கையாளர் அட்டவணையில் அந்த எண்ணைத் தேடினார். பெயர், இல்லை. தெரு, இல்லை. போன், இல்லை.

"இவரு யாரு சார்?"

"அது... கட்டம் காலியா நின்னுச்சு. அதான் இல்லைன்னு ஒருத்தரைச் சேர்த்து அவர் நம்பரைப் போட்டேன்."

"அன்னிக்குப் போன்ல யாரும் இல்லையா?"

"இருந்தாங்க. அவ சிரிச்சாளே."

"அப்ப இருக்காங்க."

டீச்சர் ஆர்டரில் இருந்த அந்த எண்ணை நீக்கினார். பிறகு இல்லை என்ற வாடிக்கையாளரை அழித்தார். இந்த முறை சிவப்பு எழுத்து எதுவும் வரவில்லை.

"ஊர் பூரா கேட்டுட்டேன் டீச்சர். அது நாங்கதான்னு யாரும் சொல்லல."

"என்னிக்காவது வந்து சொன்னா நம்பரைப் போட்டுக்கலாம்."

"வரலைன்னா?"

டீச்சர் ஆறிப்போன டீயைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வரலைங்கிறதும் இல்லைங்கிறதும் ஒண்ணா சார்?"

மறுநாள் காலையில் கெம்பம்மா பட்டியலை நிறுத்தாமல் படித்து முடித்தாள்.

ஆர்டர் அட்டவணையின் முதல் வரி இப்போதும் அப்படியே இருக்கிறது. இரண்டு கிலோ. புளிப்பு வேண்டாம். எடுத்தவர் பொற்கொடி. வாங்குபவர் கட்டம் காலி.