அக்கரையில் ஒருவர்

பர்மாவிலிருந்து படை பின்வாங்கிய அந்தக் கோடையில், எல்லோருக்கும் கடைசியாக நடந்தது சாப்பர் கம்பெனி. பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் அவர்கள் வேலை. இப்போது எதிரி தொடர்ந்து வராதபடி, கட்டியதையெல்லாம் தாங்களே தகர்த்துக்கொண்டு வந்தார்கள்.

அந்தக் கம்பெனியில் ஏகாம்பரம் ஜமேதார். வெடி வைப்பதை அவரிடம் கற்றுக்கொண்டவர் சூசைமாணிக்கம். குருவைவிடச் சீடருக்குப் பத்து வயது கூடுதல். பட்டாளத்துக்கு வருமுன் கோவில்பட்டிப் பக்கம் கிணற்றுப் பாறை உடைத்தவர்.

சீடர் குருவை, அதிகாரி என்பதால், ‘சாப்’ என்பார். குரு சீடரை ‘அண்ணா’ என்பார். கம்பெனியில் இதற்குச் சிரிக்காதவர் இல்லை.

காட்டாறு ஒன்றின் மரப்பாலத்தில் இருவரும் வெடி கட்டி முடித்தார்கள். இக்கரைப் பாறைக்குப் பின்னால் வெடிப்பெட்டி இருந்தது. கைப்பிடியை அமுக்கினால் போதும்.

எதிரி பாலத்தில் கால் வைக்கக் கூடாது. கேப்டனின் உத்தரவு அவ்வளவுதான்.

“இன்னிக்கு நீங்க அமுக்குங்க, அண்ணா.”

சூசைமாணிக்கம் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“கிணத்துல திரியக் கொளுத்திட்டு ஓடிருவோம். இங்க நேரம் எப்படி சாப் தெரியும்? முந்தினா வர்ற சனம் அந்தப் பக்கம் மாட்டிக்கிடும். பிந்தினா எதிரி ஏறிருவான்.”

ஏகாம்பரம் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர்கள் கடந்துகொண்டிருந்தார்கள். மூட்டைகள், குழந்தைகள், ஒருவர் தலையில் தையல் மெஷின். வெயில் ஏற ஏறக் கூட்டம் மெலிந்தது. பிறகு பாலம் காலியாகிவிட்டது.

அக்கரை மேட்டுக்கு அப்பால் துப்பாக்கிச் சத்தம் கேட்டது.

“அமுக்கிரட்டுமா, சாப்?”

“அங்க பாருங்க.”

அக்கரைச் சரிவில் ஒரு கைவண்டி சாய்ந்து கிடந்தது. சக்கரம் கழன்றிருந்தது. உள்ளே காய்ச்சலில் நினைவில்லாமல் ஒருவன். அவன் மனைவி அவனுடைய அக்குளில் கையைக் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவன் அசையவில்லை.

“ரெண்டு பேரு,” என்றார் சூசைமாணிக்கம். “அவங்களுக்காகப் பாலத்தை விட்டு வச்சா, முன்னால போற அத்தனை சனத்துக்கும் ஆபத்து.”

“நீங்க சொல்றது சரிதான்.”

ஏகாம்பரம் துப்பாக்கியைப் பாறையில் சாய்த்து வைத்தார். பாலத்தில் ஏறி அக்கரைக்கு நடந்தார்.

“சாப்! எதிரி வந்துட்டா?”

“அமுக்கிடுங்க, அண்ணா.” அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சரிவில் அவர் அந்த மனிதனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஆனால் அந்தப் பெண் கிளம்ப மறுத்தாள். வண்டியைக் காட்டினாள். அவர் கையை ஆட்டி ஏதோ சொன்னார். அவள் முடியாதென்று தலையை ஆட்டினாள். கடைசியில் ஏகாம்பரம் குனிந்து, வண்டிக்குள்ளிருந்து ஒரு அரிசிப் பானையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“அட பாவி மனுசா!” என்றார் சூசைமாணிக்கம்.

அவர்கள் பாலத்தில் ஏறும்போது மேட்டில் எதிரிகளின் தலைகள் தெரிந்தன.

சூசைமாணிக்கத்தின் கை கைப்பிடிக்குப் போனது. காலையிலிருந்து எத்தனையோ பேர் கடந்திருந்தார்கள். யாருடைய நடையையும் அவர் இப்படிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு அடிக்கும் அந்தோணியாரைக் கூப்பிட்டார்.

குண்டுகள் பலகையைப் பெயர்த்தன. ஒன்று பானையில் பட்டது. அரிசி ஆற்றில் கொட்டியது.

“ஓடியா தம்பி! ஓடியா!”

அது வரை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

எதிரிகள் சரிவில் இறங்கிவிட்டார்கள். முன்னால் வந்தவன் பாலத்தை நெருங்கிக்கொண்டிருந்தான். மூவரும் பாறைக்குப் பின்னால் வந்து விழுந்தார்கள்.

சூசைமாணிக்கம் அமுக்கினார்.

பாலம் எழும்பி, உடைந்து, ஆற்றில் விழுந்தது. முன்னால் வந்தவன் அக்கரை விளிம்பில் நின்றுவிட்டான். அவன் கால் பாலத்தில் படவில்லை.

காட்டுக்குள் கொஞ்ச தூரம் போனதும் நோயாளியைக் கிடத்தித் தண்ணீர் கொடுத்தார்கள். அவன் கண் திறந்தான். ஏகாம்பரத்தின் கையில் பானையின் கழுத்து மட்டும் இன்னும் இருந்தது. அதை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவள் சிரித்துவிட்டாள், உடனே அழுதாள்.

சூசைமாணிக்கம் ஜமேதாரின் சட்டையைப் பிடித்தார்.

“அறிவிருக்காடா உனக்கு? பானையத் தூக்கிக்கிட்டு வாரியா நீ? எனக்கு உசிரே நின்னு போச்சுடா!”

ஏகாம்பரம் அந்தப் பிடியை விலக்கவில்லை.

“என்னைய அனுப்பியிருக்கலாம்லா? நீ ஏன் போன?”

“நேரம் எப்படித் தெரியும்னு கேட்டீங்க. அக்கரையில உங்களுக்கு யாருமே இல்லாம இருந்துச்சே, அண்ணா.”

சூசைமாணிக்கம் சட்டையை விட்டார். கசங்கிய இடத்தைக் கையால் நீவிவிட்டார்.