முதல்ல நீங்க போங்க

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு ரவுண்டானா இருக்கிறது. அதன் வாயில் போய் நின்றாலே சண்முகவடிவுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. உப்பு லாரி, கண்டெய்னர், மினி பஸ், மீன் கூடையோடு பறக்கிற மொபெட் எல்லாம் வலது பக்கமிருந்து சுற்றிக்கொண்டு வரும். அவள் பதறிப்போய்க் கிளச்சை விட்டுவிடுவாள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்துபோகும். பின்னால் வருகிறவனெல்லாம் ஹாரனை அமுக்கிக்கொண்டே அவள் குடும்பத்தை விசாரிப்பான்.

மறுநாள் லைசென்ஸ் டெஸ்ட். அவள் புருஷன் கப்பலில் வேலை பார்க்கிறவன். வருஷத்தில் பாதி நாள் கடலில்தான். வாசலில் கார் நிற்கிறது, ஆனால் பிள்ளையை டாக்டரிடம் காட்டக்கூட கொழுந்தன் செல்லப்பாவைத்தான் கூப்பிட வேண்டும். அவனும் வருவான். வந்து, "எனக்கு எவ்வளவு வேலை கிடக்கு தெரியுமா மதினி" என்று போகிற வழியெல்லாம் பாடிக்கொண்டே ஓட்டுவான். அந்தப் பாட்டை இனிக் கேட்பதில்லை என்றுதான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள்.

சொல்லிக் கொடுக்கிற சூசை மாஸ்டர் நல்ல மனுஷன். கோபமே வராது. வாய்தான் ஓயாது. அன்று ரவுண்டானாவுக்குக் கொஞ்சம் முன்னால், இளநீர் வண்டிப் பக்கமாக ஓரங்கட்டச் சொன்னார்.

"பயப்படாத தாயி. விஷயம் ஒண்ணுதான். உள்ள சுத்திக்கிட்டு இருக்கவனுக்குத்தான் முதல் உரிமை. வலது கைப்பக்கம் பாரு, வாறவனுக்கு விடு, இடம் கிடைச்சா நுழை. அவ்வளவுதான்."

பின் சீட்டில் தன் முறைக்காக உட்கார்ந்திருந்த செல்போன் கடை காஜா முகைதீன் தலையை நீட்டினார். "ஒரு சந்தேகம் மாஸ்டர். ரவுண்டானா இல்லாத சந்தி. நாலு ரோட்டுலயும் ஒரே நேரத்துல நாலு வண்டி வருது. ஒவ்வொருத்தனுக்கும் வலது பக்கம் ஒருத்தன் நிக்கான். அப்போ யாரு முதல்ல போவா?"

மாஸ்டர் சீட்டைப் பின்னால் சாய்த்தார். வடிவு மணியைப் பார்த்தாள். அவர் சீட்டைச் சாய்த்தால் கதை வரப்போகிறது என்று அர்த்தம்.

"இதே இடத்துல நடந்துச்சு பாய். அப்போ இது வெறும் நாலுமுக்கு. தெக்கேயிருந்து நான், ஐஸ் லாரி. கிழக்கேயிருந்து உப்பு லாரி. வடக்கேயிருந்து தீப்பெட்டி லாரி. மேற்கேயிருந்து கருப்பட்டி லாரி. நாலும் ஒண்ணா வந்து நின்னுச்சு. நாலு பேரும் சட்டம் படிச்சவனுவ. நான் உப்புக்காரனப் பாத்து, 'முதல்ல நீங்க போங்க'ன்னேன். அவன் தீப்பெட்டிக்காரனப் பாத்து, 'முதல்ல நீங்க போங்க'ங்கான். அவன் கருப்பட்டிக்காரனச் சொல்லுதான். கருப்பட்டிக்காரன் திரும்பி என்னயச் சொல்லுதான்."

"எவனாவது விட்டுக்குடுத்திருக்கலாம்லா?"

"விட்டுக்குடுத்ததாலதான பாய் போகவே முடியல!"

மாஸ்டர் கதையைத் தொடர்ந்தார்.

"வெயில் ஏற ஏற என் ஐஸ் உருகி, ரோட்டு நடுவுல குளமா நின்னுட்டு. உப்பு லாரிப் பலகையில ஓட்டை. அந்த உப்பும் கொட்டி, குளம் கடலாப் போச்சு. ஒருநா விடிஞ்சு பாக்கேன், சாளை மீன் துள்ளுது."

"சாளை எங்கயிருந்து மாஸ்டர் வந்துச்சு?" என்றாள் வடிவு.

"துறைமுகம் இங்கன பக்கத்துலதான தாயி, சேதி போயிருக்கும். நாங்க லாரியிலயே குடித்தனம் போட்டாச்சு. என் ரேஷன் கார்டுல விலாசமே 'ஐஸ் லாரி, தெற்கு ரோடு'ன்னுதான் போட்டிருந்தான். கருப்பட்டிக்காரர் மகளத் தீப்பெட்டிக்காரர் மகனுக்குப் பேசி முடிச்சோம். கெட்டிமேளம் கொட்டுது. மாப்பிள்ளப் பய தாலியத் தூக்கிப் பொண்ணு கையில குடுத்து, 'முதல்ல நீங்க கட்டுங்க'ங்கான்!"

"அது எதுக்கு?" என்றார் காஜா.

"பொண்ணு அவனுக்கு வலது பக்கம்லா உக்காந்திருக்கு!"

வடிவு ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள்.

"கேளு தாயி. அந்தக் கடலுக்கு நடுவுல மணல் ஒதுங்கித் தீவாச்சு. தீவுல வேம்பு முளைச்சு, கொக்கு கூடு கட்டிட்டு. மத்த வண்டியெல்லாம் தீவச் சுத்திப் போய்ப் போயி ரோடே வட்டமா விழுந்துட்டு. ஒரு இன்ஜினியர் வந்தாரு. பாத்தாரு. 'இது நல்லாருக்கே'ன்னு சுத்திச் சிமெண்டுக் கட்டை கட்டி வெள்ளையடிச்சுட்டாரு. உலகத்துலயே முதல் ரவுண்டானா இதான். வெள்ளைக்காரனே இதப் போட்டோ புடிச்சுட்டுப் போயித்தான் அவன் ஊர்ல கட்டினான்."

"அதெல்லாம் இருக்கட்டும்," காஜா விடவில்லை. "கடைசியில யாருதான் முதல்ல போனது?"

"ஒரு எருமை. வலதும் பாக்கல, இடதும் பாக்கல. அது பாட்டுக்குக் குறுக்க போச்சு. அது பின்னாலயே நாங்களும் ஒவ்வொருத்தனாப் போயிட்டோம்."

"அப்போ சட்டம்?"

"எருமைக்கு லைசென்ஸ் கிடையாதுல்லா பாய்." மாஸ்டர் சீட்டை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். "இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. ஒருதரம் பாளையங்கோட்டை ரோட்டுல வாறேன், வலது பக்கம் நிலா ஏறி வருது. சரி, அதுக்கும் வழி விடுவோம்னு பிரேக்கப் போட்டேன் பாருங்க..."

வடிவு சாவியைத் திருப்பினாள். கண்ணாடியைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள். ரவுண்டானா வாயில் நின்று வலது பக்கம் பார்த்தாள். உப்பு லாரி வந்தது, விட்டாள். மினி பஸ் வந்தது, விட்டாள். அடுத்தாற்போல் ஒரு மொபெட், அது தூரத்தில்தான் வந்தது. கிளச்சை மெதுவாக விட்டாள். குலுங்கவில்லை. உள்ளே நுழைந்து, பாதி சுற்றி, இடது இண்டிகேட்டர் போட்டு, வேண்டிய ரோட்டில் வெண்ணெயாக இறங்கினாள். பின்னால் ஒருத்தன்கூட ஹாரன் அடிக்கவில்லை.

நிலாக் கதை பாதியில் நின்றுபோக, மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் பல். "பாத்தியளா பாய்! என் கதையக் கேட்டதும் பிள்ளைக்கு எப்படித் தைரியம் வந்துட்டு!"

"தைரியம் எங்க மாஸ்டர் வந்துச்சு," என்றாள் வடிவு, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நிலாக் கதையையும் கேக்கணுமேன்னு பயம் வந்துட்டு."