அக்கரை சேராத குரல்

குழந்தைகளே, ஒரு காட்டை ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று இரண்டாகப் பிரித்திருந்தது. அங்கே ஒரு நேரத்தில் ஒரு குரல்தான் அக்கரை சேரும். இரண்டு குரல்கள் ஒன்றாகப் போனால் பாறைகளில் மோதி, வெறும் இரைச்சலாகிவிடும்.

அந்த ஆண்டு மழையில், பாலமாகக் கிடந்த மரம் அடித்துக்கொண்டு போயிற்று. வெள்ளச்சி என்ற மான் இக்கரையில் நின்றுவிட்டாள். சிட்டு என்ற அவள் குட்டி அக்கரையில் மாட்டிக்கொண்டது. அவளைப்போலவே பல விலங்குகளும் உறவைப் பிரிந்து தவித்தன. பேச எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

வரிசையில் முதல் இடம் எப்போதும் மயிலுக்குத்தான். அது சொல்லும் சேதி சின்னது. அதற்கு முன்னால் தன்னைப் புகழ்ந்து பாடும் பட்டங்களோ மிக நீளம்.

"மயிலாரே, எல்லோருக்குமாக ஒரே ஒரு வணக்கம் போதாதா? அதன் பின்னால் அவரவர் சேதியை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துச் சொன்னால் நிறைய பேர் பேசலாமே!" என்றாள் வெள்ளச்சி.

"என் பட்டங்களை நரியின் சேதியோடு கோப்பதா? என் மரியாதை என்ன ஆவது?" என்று சீறியது மயில். மற்றவர்கள் மயிலுக்கே முதலிடத்தை விட்டுக்கொடுத்தார்கள்.

ஒருநாள் மயில் தொடங்கியது: "தோகை வேந்தன், மழைமேகத் தோழன், மலைக்கு அரசன்..."

அப்போது அக்கரைப் புதருக்குள் புள்ளிகள் அசைவதை வெள்ளச்சி கண்டாள். சிறுத்தை! பக்கத்தில் சிட்டு மேய்ந்துகொண்டிருந்தது.

"நிறுத்துங்கள் மயிலாரே! என் பிள்ளை!"

"இன்னும் நான்கு பட்டங்கள்தான். பொறு!"

வெள்ளச்சி பொறுக்கவில்லை. "சிட்டு, ஓடிவிடு!" என்று அலறினாள். மயிலும் நிறுத்தவில்லை. இரண்டு குரல்களும் பாறைகளில் மோதிக் கலங்கின.

சிட்டு தலையைத் தூக்கியது. அம்மாவின் குரல் என்று மட்டும் அதற்குத் தெரிந்தது. என்ன சொல்கிறாள் என்று கேட்க ஆசையோடு விளிம்பை நோக்கி ஓடிவந்தது. புதர் அந்த வழியில்தான் இருந்தது.

மயில் தன் சேதியைச் சொல்லி முடித்தது: "இங்கே நல்ல வெயில்."

அதைக் கேட்க யாருக்கும் மனம் இல்லை.

மறுநாள் முதல் ஒரே வணக்கம், கோத்த சேதிகள், ஆபத்தென்றால் அதற்கே முதலிடம் என்று காடு முடிவு செய்தது. முன்பு ஒருவர் பேசிய நேரத்தில் இப்போது பலர் பேசினார்கள். மயில் தலைகுனிந்து வரிசையின் கடைசியில் நின்றது.

"நீ முதலில் பேசு, தாயே" என்று வெள்ளச்சிக்கு எல்லோரும் வழிவிட்டார்கள்.

அவள் விளிம்புவரை போனாள். கூப்பிட அக்கரையில் அவளுக்கு யாரும் இல்லை.

நீதி: எல்லோருக்கும் பொதுவான வழியை ஒருவரின் பெருமை அடைத்துக்கொண்டால், உயிர் காக்கும் சொல் போய்ச் சேராது.