உலக்கை போட்ட போட்டில் ஓடிப்போன கொடி

எங்க நாத்தங்காலுக்கு நட்டநடுவுல ஒரு சிவப்புக் கொடியை நட்டுட்டுப் போயிருந்தாங்க. மண்ணுக்கு அடியில எண்ணெய் இருக்கா, எரிவாயு இருக்கான்னு பார்க்க வந்தவங்க. கொடி இருக்கிற இடத்துல குழி போட்டு வெடி வைப்பாங்க. அந்த அதிர்வு கீழே போய்ப் பாறையில முட்டித் திரும்பி வரும். வயல் நெடுக வயர் இழுத்துக் குத்தி வச்சிருக்கிற கருவிங்க அதைக் கேக்கும். 'காது'ன்னு நாங்க அதுங்களுக்குப் பேரே வச்சுட்டோம்.

இன்னிக்குக் காலையில குழி போட வந்தா, கொடியைக் காணோம். மேஸ்திரி தில்லைநாயகம் இடுப்புல கை வச்சுக்கிட்டு, "கொடி எங்கம்மா?"ன்னார்.

நாத்து விரல் உசரம்தான் இருக்கு. இவங்க இரும்புக் குழாயோட உள்ளே இறங்கினா இந்தப் பட்டத்துக்கு எங்களுக்கு நடவே கிடையாது. எல்லாருக்கும் டீயைக் கொடுத்து வரப்புல உட்கார வச்சேன்.

"அது ஓடிப்போச்சுங்க."

"கொடி ஓடுமா?"

"என் உலக்கை போட்ட போட்டுல ஓடுச்சு. 'வெடி போடப் போறோம், யாரும் அசையாதீங்க'ன்னு நேத்து அடுத்த வயல்ல கத்தினீங்கல்ல? எனக்குக் கேக்கல. கொல்லையில புட்டுமாவு இடிச்சுக்கிட்டிருந்தேன். உங்க வெடி பாதி வழியில மூச்சு வாங்கிக்கிட்டு நிக்குது. என் இடி, 'தள்ளு தம்பி'ன்னு அதைத் தாண்டிப் போயிருச்சு."

"இவ வீட்டுப் புட்டை நாங்க யாரும் கண்ணால பார்த்ததில்ல"ன்னாங்க பக்கத்து வீட்டு வேம்பு அக்கா.

"சும்மா இரு அக்கா. அடுத்த இடியில பாறை பயந்து பக்கத்து ஊருக்கு நகர்ந்துருச்சு. வண்டியில கம்ப்யூட்டர் பார்த்துக்கிட்டிருந்த என்ஜினீயர் சென்னைக்குப் போன் போட்டு, 'சார், கீழே எரிவாயு இருக்கு, ஏலக்காய் வாசனை வேற வருது'ன்னாராம்."

"நேத்து அந்த வண்டியில நானும்தாம்மா இருந்தேன்"ன்னார் மேஸ்திரி.

"நீங்க தூங்கிக்கிட்டிருந்தீங்க."

குழாய் தூக்கி வந்த ஆளுங்க எல்லாம் 'கொல்'லுன்னு சிரிச்சுட்டாங்க. மேஸ்திரி டீயை ஊத ஆரம்பிச்சார்.

"இன்னும் கேளுங்க. ஓங்கி ஒண்ணு போட்டேன். பூமிக்கு அந்தப் பக்கமே போயிருச்சு. அங்கயும் என்னை மாதிரி ஒரு கைப்பிள்ளைக்காரி, அப்பத்தான் பிள்ளையைத் தூங்க வச்சுட்டு நிமிர்றா. என் சத்தத்துல பிள்ளை முழிச்சுக்கிச்சு. கோவம் வருமா வராதா? அவ உலக்கையை எடுத்து எனக்குப் பதில் இடி இடிச்சா பாருங்க! அது நேரா மேலே வந்து கொடிக்கு அடியில முட்டுச்சு. கொடி எகிறி, நாத்தங்காலைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, அந்தத் தரிசுல போய் நின்னுச்சு. மண்ணே இடம் காட்டியிருக்கு. அங்க போடுங்க குழியை."

எல்லாரும் தரிசைப் பார்த்தாங்க. கொடி இல்ல.

வேம்பு அக்கா புங்கமரத்துத் தூளியை எட்டிப் பார்த்தாங்க. "அடியே, கொடியை உன் மக சப்பிக்கிட்டிருக்காடி!"

நான் அசருவேனா? "அதைத்தான் சொல்ல வந்தேன். தரிசுல நின்ன கொடி மறுபடி எகிறுச்சு. இவ ஒத்தக் கையில பிடிச்சுட்டா."

தில்லைநாயகம் டம்ளரைக் கவுத்து வச்சார். "நாத்தங்கால்னா குழியைத் தள்ளிப் போடச் சொல்லி எங்களுக்கே உத்தரவு இருக்கும்மா. 'கொஞ்சம் தள்ளிப் போடுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்."

குழாய்களைத் தூக்கிக்கிட்டுத் தரிசுப் பக்கம் நடந்தாங்க. வாய்க்கால் தாண்டினதும் அவர் மட்டும் நின்னு திரும்பினார்.

"வெடி போடுறப்ப மாவு மட்டும் இடிச்சுடாதீங்க. நேத்து கம்ப்யூட்டர்ல பாறைப் படம் முழுக்கக் கோணலாத்தான் வந்துச்சு."