கழுவாத பஞ்சு

கொளத்தூரில் மீன் தொட்டி செய்யக் கற்றுத்தரும் ஏழுமலைக்கு முப்பத்திரண்டு வயது. அவரிடம் கற்றுக்கொள்ளப் போன எஸ்தருக்கு ஐம்பத்தொன்பது. ஆனாலும் எஸ்தர் அவரை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். கற்றுக்கொள்ளப் போன இடத்தில் வயசு என்ன வேண்டிக் கிடக்கிறது?

எஸ்தர் முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவர். அஞ்சு கண்ணாடியையும் பசை வைத்து ஒட்டியபோது ஒரு குமிழி விழவில்லை. ஒன்றரை அடித் தொட்டி, ஒரு சொட்டுக் கசியவில்லை. "எனக்கே இப்படி ஒட்ட வராது, சிஸ்டர்" என்றார் மாஸ்டர்.

மீன்தான் நிலைக்கவில்லை. மூன்று தடவை கப்பி மீன் வாங்கிவிட்டார். மூன்று தடவையும் நாலாம் நாள் காலையில் எல்லாம் மிதந்தன.

தொட்டி அவருக்காகவா? மகள் ஜெமிமாவுக்காக. அஞ்சு மாதம் முன்பு பைக் விபத்தில் ஜெமிமாவின் புருஷன் நெல்சன் போய்விட்டான். எஸ்தர் மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தார். நெல்சனின் சட்டை, போட்டோ, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பார்த்தால் அழுவாளாம். ஜெமிமா கொஞ்ச நாள் சாவியைக் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. பிறகு பேசவே இல்லை. சின்ன வயசில் மீன் என்றால் உயிரை விடுவாளே என்றுதான் எஸ்தர் இந்தத் தொட்டியில் இறங்கினார்.

மூன்றாம் தடவை மீன் மிதந்த அன்றைக்கு ஜெமிமா வாயைத் திறந்தாள்.

"இந்த வீட்டுல இன்னொரு சாவைப் பாக்க முடியாதும்மா. நான் ஹாஸ்டலுக்குப் போறேன்."

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஆட்டோ சொல்லியிருந்தாள். பெட்டி வாசலில் இருந்தது. எஸ்தர் போன் போட்டுக் கெஞ்சியதில், பத்தரைக்கு மாஸ்டர் வந்தார். ஒரு கையில் தண்ணீர் பையில் அஞ்சு கப்பி. இன்னொரு கையில் முடிச்சுப் போட்ட கறுப்பு கவர்.

தொட்டி பளபளவென்று இருந்தது. தண்ணீர் இருப்பதே தெரியவில்லை.

"அடியில போட்ட கல்லை என்ன பண்ணீங்க?"

"கொதிக்க வச்சேன்."

"ஃபில்டர் பஞ்சு?"

"தினம் வெந்நீர்ல அலசுறேன். பாருங்க, புதுசு மாதிரி இருக்கு."

"பஞ்சைக் கழுவாதீங்கன்னு சொன்னேனே, சிஸ்டர்."

"சொன்னீங்க. அழுக்கா இருந்துச்சு. எனக்கு மனசு கேக்கல."

மாஸ்டர் திட்டவில்லை. மீன் பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்க விட்டு, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பைக்குள் கப்பிகள் மேலே வந்து வாயைப் பிளந்தன. எஸ்தர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பையைப் பிரிச்சு விடுங்க, மாஸ்டர். மூச்சுத் திணறுது பாருங்க."

"இந்தத் தண்ணில விட்டா நாலு நாள்தான், சிஸ்டர்."

சொல்லிவிட்டுக் கறுப்பு கவரைப் பிரித்தார். உள்ளே ஒரு பஞ்சு, காப்பிப்பொடி நிறத்தில், வழவழவென்று. ஏரி நாற்றம் அடித்தது. அதைத் தொட்டிக்கு மேலே பிடித்தார். எஸ்தர் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மாஸ்டர் இந்தக் கண்றாவி?"

"என் கடைத் தொட்டிப் பஞ்சு. பத்து வருஷமா உள்ளேயே இருக்கு. கையை விடுங்க."

எஸ்தர் விடவில்லை. இந்த மீனும் செத்தால் மகள் போனது போனதுதான். கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது.

"கையை விடும்மா."

ஜெமிமா. செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள். எஸ்தர் விட்டார்.

மாஸ்டர் பஞ்சை மூன்று தடவை பிழிந்தார். தெளிந்த தண்ணீர் டீ மாதிரி ஆகிவிட்டது. எஸ்தரின் வெள்ளைப் பஞ்சை எடுத்துவிட்டு அந்த அழுக்குப் பஞ்சையே ஃபில்டரில் செருகி, மோட்டாரைப் போட்டார். பிறகு பைக்குள் இந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கடைசியில் மீனை விட்டார்.

கலங்கலில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி ஹாரன். யாரும் நகரவில்லை. எஸ்தர் ஜெபம்கூடச் சொல்ல மறந்து கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஆரஞ்சு வால் தெரிந்தது. அந்தக் கப்பி நேராகப் பஞ்சுக்குப் போய் அதைக் கொத்த ஆரம்பித்தது. இன்னொன்று வந்தது. அஞ்சும் வந்தன.

"இதுங்களும் செத்துடுமா?" என்று கேட்டாள் ஜெமிமா.

"ஒரு நாள் சாகும்மா. இந்த வாரம் இல்ல" என்றார் மாஸ்டர்.

எஸ்தருக்கு இன்னும் ஆறவில்லை. முப்பது வருஷச் சுத்தம் ஆயிற்றே.

"அந்தப் பஞ்சுல அப்படி என்னதான் இருக்கு, மாஸ்டர்?"

மாஸ்டர் கறுப்பு கவரை மடித்துப் பாக்கெட்டில் வைத்தார்.

"நல்ல கிருமி, சிஸ்டர். போன மீனுங்க விட்டுட்டுப் போனது. இருக்கிற மீனு அதை வச்சுத்தான் பொழைக்குது."

எஸ்தர் இடுப்பிலிருந்த பீரோ சாவியை உருவி மகளிடம் நீட்டினார்.