கப்பலில் வந்த கல்யாணத் துணி

காதை இப்படிக் கொடுங்கள். தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள்தான்.

இங்கிலாந்து ராஜா அமெரிக்காவை ஆண்ட காலம். அங்கே ஒரு துறைமுக ஊரில் ஆபெல் என்று ஒரு ஜவுளி வியாபாரி. கடையைவிட மனுஷருக்கு மேடைதான் பிடிக்கும். ராஜா புது வரி போட்டதும் ஊர்க்கூட்டத்தில் எழுந்தார். "வரியை எடுக்கிற வரைக்கும் கப்பல்ல வந்திறங்கற துணியில ஒரு முழம்கூட நம்ம ஊர்ல யாரும் உடுத்தக் கூடாது" என்று முழங்கினார். ஊரே அப்படியே சபதம் செய்தது. அவரையே சட்டசபைக்கு அனுப்புவதென்றும் பேச்சாயிற்று.

பின்னாலேயே வந்தது வம்பு. அவர் முன்பு எப்போதோ சொல்லிவைத்த சென்னைப்பட்டணத்துத் துணிப்பொதி கப்பலில் வந்து இறங்கியது. "உன் கல்யாண உடுப்பு சென்னைப்பட்டணத்துத் துணியிலதான்" என்று மகள் லிடியாவுக்குச் சின்ன வயதிலேயே வாக்குக் கொடுத்திருந்தார். கல்யாணமோ நெருங்கிவிட்டது.

ஆபெல் தவித்துப்போனார். கொடுத்தால் ஊர் காறித் துப்பும், சட்டசபையும் போச்சு. கொடுக்காவிட்டால் பெண் முகத்தில் எப்படி விழிப்பது? வாயே திறக்காமல் பொதியைக் கிடங்கில் போட்டுப் பூட்டினார். மகளைக் கண்டால் பக்கத்து அறைக்குள் நழுவினார்.

மனைவி டார்கஸ் லேசுப்பட்டவளா? பூட்டுவதற்கு முன்பே, சரக்கு அழுக்காகாமல் இருக்கக் கோணிக்குள் சுற்றியிருந்த வெள்ளைத் துணியை உருவிக்கொண்டாள். அதையே உடுப்பாகத் தைத்துவிட்டாள்.

"சபதம் சரக்குக்குத்தானே? இது வெறும் மேல்சுற்று, ஆனா சென்னைப்பட்டணத்துத் துணிதான். ஊர் வாயும் அடங்கும், உங்க வாக்கும் நிக்கும்" என்று கணவரைச் சமாதானப்படுத்தினாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டே கடைக்கு நழுவிவிட்டார்.

கல்யாணத்தன்று காலையில் லிடியா இறங்கி வந்தாள். உடம்பில் முரட்டுப் பழுப்பு உடுப்பு. ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து அவளே நூற்ற கம்பளி நூலில் நெய்தது.

"அம்மா, நீங்க தைச்சது ரொம்ப அழகு. வரி போனப்புறம் போட்டுக்கறேன். அப்பா, அந்த வாக்கு இனிமே உங்களுக்கு வேண்டாம், நான் விட்டுட்டேன். என்னைப் பார்த்து ஓடறதை மட்டும் நிறுத்துங்க."

ஆபெலுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பொதியைப் பூட்டிய அப்பா, உடுப்புத் தைத்த அம்மா, உடுத்த மறுத்த மகள். மூவரில் யார் செய்தது சரி?

விடை: மகள்தான். டார்கஸின் மேல்சுற்றும் கப்பலில் வந்த துணிதான். ஊரை ஏமாற்றலாம், சபதத்தை ஏமாற்ற முடியாது. ஆபெல் பூட்டியதில் தப்பில்லை. ஆனால் மகளுக்குக் கொடுத்த வாக்கு மகளுடையது. அதை விட்டுக்கொடுக்க அவளால் மட்டுமே முடியும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பாள். ஊரையே பேசி வளைத்த மனுஷருக்குப் பெற்ற பெண்ணிடம் அதைக் கேட்க வாய் வரவில்லை.